தார்ப்பாய்க்கடியில் ஒரு பேரம்

வந்த நாளிலிருந்து அது காயவே இல்லை.

அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. சேக்காட்டில் வேம்புலியின் காயலான்கடை முற்றத்தில் ஈரத்துணியை உதறிப் போட்டால், திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளமாக நிற்கும். பழைய பீரோக்கள், பம்புசெட்டுகள், பாடிப் பக்கம் இழுத்து மூடிய ஏதோ ஒரு பட்டறையிலிருந்து வந்த லேத்து மெஷினின் கால்கள், எல்லாமே தொட்டால் கையைப் பொரித்தன. மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அந்த விமானக் கூடு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு. மறந்துபோன பிறகு இன்னொரு சொட்டு. சொட்டிய தண்ணீர் எங்கே போனது என்பதுதான் விளங்கவில்லை. அடியில் மண் நனையவில்லை, எறும்புகூடத் தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

கோவில்பதாகைப் பக்கம் ஏரியைத் தூர் வாரும்போது பொக்லைன் பல்லில் மாட்டி வந்த உருப்படி அது. விஷயம் வெளியே கசிந்தால் பட்டாளத்துக்காரன், பேப்பர்காரன் என்று ஆளாளுக்கு வந்து நிற்பான் என்று பயந்த மேஸ்திரி ஒருவன், இருட்டோடு இருட்டாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். வெள்ளைக்காரன் காலத்துப் பயிற்சி விமானமாம். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, பரண் கட்டினாற்போல. இறக்கையின் கட்டைகள் மக்கிப்போய், இழுத்துக் கட்டிய கம்பிகள் மட்டும் நரம்பாக மிஞ்சியிருந்தன. உடம்பு இரும்புக் குழாயால் ஆன விலா எலும்பு. நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழிகள், குழிக்கு ஒரு இருக்கை. இருக்கைகளின் தடித்த கித்தான் பட்டைகள் மட்டும் மக்கவில்லை. இரண்டும் பூட்டியபடியே இருந்தன. பூட்டிய பட்டைக்குள் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சேறு.

வேம்புலி இதற்கெல்லாம் அசருகிற ரகமில்லை. மனுஷன் செத்த ஆட்டோவை மறுநாளே அறுத்துத் தராசில் ஏற்றியவன். அழுதுகொண்டு வந்து பொருளைப் போடுகிறவர்களிடம் கூடுதலாக ஒரு கிலோ அடிப்பான். அழுகிற கண்ணுக்குத் தராசு முள் தெரியாது என்பது அவன் கணக்கு.

அவனுடைய அப்பன் மாட்டுத் தரகு பண்ணியவர். பூந்தமல்லிப் பக்கத்துச் சந்தைகளில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கைகோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரல் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை. விலை பிடிக்கவில்லையென்றால் விரலை மடக்கிக் கழித்துச் சொல்லலாம். எதிராளியின் விரல்களைச் சேர்த்து உள்ளங்கையால் மூடிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்பனே பிள்ளையே என்று அழுதாலும் மூடிய கை மூடியதுதான். அந்தப் பழக்கத்தை வேம்புலி இரும்புக்குக் கொண்டுவந்தான். ஏலத்தில் நாலு கடைக்காரன் சுற்றி நின்று வாயைப் பார்க்கிற இடத்தில் துண்டைப் போட்டுவிடுவான். கடையில் கூடமாட வேலை செய்யும் மச்சான், பெண்டாட்டி அஞ்சலையின் தம்பி, சின்னசாமிக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். கடைசியில் மாமனும் மச்சானும் எதற்கெடுத்தாலும் விரலால்தான் பேசினார்கள். எத்தனை டீ, எத்தனை பரோட்டா, அஞ்சலைக்குத் தெரியாமல் எத்தனை குவாட்டர்.

அன்றைக்கும் குவாட்டர் பேச்சுதான்.

"சேத்துக்குள்ள குந்தி போல்ட்டு கழட்டணும்னா ரெண்டு வோணும் மாமே," என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டான் சின்னசாமி. "உள்ள நாத்தம் குடலப் புடுங்குது."

"உன் நாத்தத்த விடவா? போய் ஸ்பானர எடுத்துகினு வா."

மத்தியானச் சோறு முடிந்து, வெயில் உச்சந்தலையில் நின்ற நேரம். சின்னசாமி தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நுழைந்ததை வேம்புலி ஓரக்கண்ணால் பார்த்திருந்தான், அல்லது பார்த்ததாக நினைத்திருந்தான். அந்தப் பக்கம் தார்ப்பாய் ஆள் உட்கார்ந்த மாதிரி மெல்ல அமுங்கி எழுந்தது. இந்தப் பக்கம் வேம்புலி, பித்தளை ஏதாவது தட்டுப்படுகிறதா என்று முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான். சேற்று நாற்றத்தோடு பெட்ரோல் வாசனை வந்தது, இப்போதுதான் ஊற்றினாற்போலப் புதுப் பெட்ரோல்.

உள்ளேயிருந்து ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

குளிர்ந்த கை. அந்த வெயிலில் அது சுகமாகக்கூட இருந்தது. வெகுநேரம் துணி துவைத்த கைபோல விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. பயல் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அது அவனுடைய இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தது. அழுத்தமாக. விடாமல்.

வேம்புலிக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டா? தொரைக்கு ரெண்டா?" என்று தார்ப்பாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு விரலை உருவி மடக்கிக்கொண்டான். ஒரே விரலை மட்டும் நீட்டினான். ஒன்று. தோது இருந்தால் பார், இல்லாவிட்டால் நடையைக் கட்டு.

பிடித்த கை ஒரு நொடி அசையாமல் இருந்தது. எங்கோ தள்ளி, வீட்டுக்குள்ளிருந்து, மகள் மதிவதனி ஏதோ சொல்லிச் சிரித்த சத்தம் கேட்டது. உடனே அந்தக் கை அவன் விரல்களை ஒன்றாகச் சேர்த்து மூடியது.

முடிந்தது.

ஒரே மடக்கில் பாதி. வேம்புலி மீசைக்குள் சிரித்துக்கொண்டான். கொஞ்சம் அதிகச் சுலபமாக முடிந்துவிட்டதோ என்று மட்டும் உறுத்தியது. மூச்சுவிடாமல் ஒத்துக்கொள்கிற வியாபாரி, நீ பார்க்காத எதையோ பார்த்துவிட்டான் என்று அப்பன் சொல்லுவார்.

"இன்னா மாமே, தனியா பேசிக்கினு கீற?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கேட்டருகே சின்னசாமி, ஒரு கையில் டீ தூக்கு, ஒரு கையில் ஸ்பானர், வாயில் பாதி வடை.

வேம்புலி கையை உருவினான். வந்துவிட்டது, தடையில்லாமல். தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். இரண்டு குழி. இரண்டு பட்டை. கறுப்புச் சேறு. ஒரு சொட்டு.

"எப்பிடி... நீ எப்போ வெளிய போன?"

"உள்ள வந்தாத்தான வெளிய போவ? நாயர் கடைல கூட்டம். இன்னா மூஞ்சி வெளுத்துகினு கீது, சுகர் எறங்கிருச்சா? இந்தா வடைய கடி."

வேம்புலி கையைச் சட்டையில் துடைத்தான். கை நனையவே இல்லை. ஆனாலும் துடைத்தான்.

*

சாயங்காலம் லாரி டிரைவர் அப்துல் ரசாக் வந்தார். உருப்படியை இறக்கிய அன்று விட்டுப்போன சங்கிலியை எடுத்துக்கொண்டவர், தார்ப்பாயைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்த இன்னும் அறுக்கலையா? எங்கப்பா இந்தக் கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு வேம்புலி."

"இன்னா கதை பாய்?"

"சண்ட நடந்த காலம். ஆகாசத்துல ஒரு வாத்தியாரு, ஒரு கத்துக்குட்டி. ஏரில மூக்கு குத்தி வுழுந்துச்சு. சேறுதான, மெள்ள மெள்ள உள்ள இழுக்குது. சந்தைக்கு மாடு ஓட்டிகினு போன தரகனுங்க கரைல நின்னு பாக்கறானுங்க. சேத்துக்கு மேல ஒரு கை மட்டும் தெரியுது. அந்தக் கை ரெண்டு வெரல நீட்டுது. ரெண்டு பேர் உசுரோட கீறோம், வாங்கடான்னு காட்றான் பாவம்." ரசாக் தொடையில் தட்டிக்கொண்டார். "நம்ம ஆளுங்க இன்னா பண்ணானுங்க தெரியுமா? வெல சொல்றான்டான்னு இவனுங்களும் ஒரு வெரல நீட்டிக் காட்டிச் சிரிச்சானுங்களாம். ஒன்னுக்கு முடிச்சிக்கலாமான்னு! அது முழுகற வரைக்கும் பேரம். அந்தக் கை எல்லாத்தையும் பாத்துகினேதான் போச்சாம்."

சின்னசாமி விழுந்து விழுந்து சிரித்தான். வேம்புலியும் சிரிக்கப் பார்த்தான். கன்னம் மட்டும் மேலே போனது.

ரசாக் போன பிறகும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு என்றது குவாட்டர் இல்லை. பங்கு இல்லை. இரும்பு இல்லை. இரண்டு ஆள். அதை அவன் அடித்துப் பேசி, சாமர்த்தியமாக, ஒன்றாக்கியிருக்கிறான். அதுவும் சம்மதித்துக் கையை மூடிவிட்டது.

வீடு முற்றத்துக்குப் பின்னாலேயே ஒட்டி நின்றது. ஜன்னலில் மதிவதனி தெரிந்தாள். ஒரே மகள். அம்பத்தூர் ஃபிளாட்டில் புருஷன் விஷாலோடு குடித்தனம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டுப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வயிறு வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் அவள் தாண்டுவாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஏறாத கோயிலில்லை, பார்க்காத டாக்டரில்லை. அப்படி வந்த வயிறு.

"நைனா, இன்னா அங்கியே பூதம் மாதிரி காத்துகினு கீற? உள்ள வா, காத்து வருது," என்றாள்.

"வரேம்மா," என்றான்.

அன்றிரவு படுத்தவன் தூங்கவில்லை. சொட்டுச் சத்தம் முற்றத்திலிருந்து கேட்கவில்லை, வராந்தாவிலிருந்து கேட்டது. பிறகு கூடத்திலிருந்து. சரக்கை வீட்டில் வந்து பார்த்துவிட்டுப் போகிற வியாபாரியைப் போல அது ஒவ்வொரு கதவாக நின்று நின்று நகர்ந்தது. எழுந்து விளக்கைப் போட்டான். தரை காய்ந்துதான் கிடந்தது.

விடிந்தபோது அவன் கணக்குப் போட்டு முடித்திருந்தான். ஒன்று என்றுதானே பேச்சு? எது என்று பேசவில்லையே. எந்த உருப்படியை அவிழ்த்துவிடுவது என்பது விற்கிறவன் பாடு. மந்தையில் நல்ல மாட்டை எவனாவது முதலில் அவிழ்ப்பானா? மகள், பேச்சே கிடையாது. அஞ்சலை போனால் சோறு யார் போடுவது, அதுவும் இந்தப் பிரசவ நேரத்தில். தன்னைக் கொடுக்கலாம் என்ற நினைப்பு தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. மிச்சம் சின்னசாமி. நாற்பதைத் தொட்டவன். பொண்டாட்டியில்லை, பிள்ளையில்லை. ஈரலில் பாதியை ஒயின்ஷாப்புக்கு எழுதி வைத்தவன். அழ ஒரே ஒரு அக்கா. அவளும் பேரன் முகத்தைப் பார்த்தால் தேறிவிடுவாள்.

நொண்டி மாட்டை விற்கிறபோது தரகன் அதன் முதுகை அதிகமாகத் தட்டிக்கொடுப்பான். வேம்புலி அன்றைக்கு மச்சானுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். லெக் பீஸைத் தன் இலையிலிருந்து எடுத்து அவன் இலையில் வைத்தான்.

"இன்னா மாமே, பாசம் பொங்குது? ஊட்டுல இன்னா விசேசம்?"

"துன்றா. வேல கீது."

*

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் போயிருந்தது. சேக்காடு முழுக்க விசிறிகள் நின்று, அந்தச் சத்தம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தாற்போல இருந்தது. தூரத்தில் ரயில் ஒன்று ஆவடியைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் நாய்கூடக் குரைக்கவில்லை.

"பின் சீட்டுல குந்து. அடி போல்ட்ட கழட்டு," என்றான் வேம்புலி.

"பெல்ட்டு பூட்டிகினு கீதே."

"மேல குந்துடா. ராஜா மாதிரி."

சின்னசாமி இரும்பு விலாவில் கால் வைத்து ஏறி, முனகிக்கொண்டே சேற்றில் உட்கார்ந்தான். வேம்புலி தார்ப்பாயை இழுத்து அவன் தலைக்கு மேல் மூடினான். "கொசு," என்றான். பிணத்துக்குக் கோடி போர்த்துகிறவனின் பதமான கை. முனையை நாலு புறமும் செருகினான். விலகி வந்து பழைய பீரோ ஒன்றின் பின்னால் நின்றுகொண்டான்.

ஸ்பானர் உரசுகிற சத்தம். உள்ளே சின்னசாமி ஏதோ பாட்டைச் சீட்டியடித்தான். மறுபடி ஸ்பானர். சீட்டி.

சீட்டி நின்றது.

தார்ப்பாய் மெல்ல உப்பியது. அமுங்கியது. பெட்ரோல் வாசனை மூக்கை அடைத்தது. வேம்புலி கண்ணை மூடிக்கொண்டு குலசாமியை வேண்டினான். என் பெண்ணை விட்டுவிடு என்று வேண்டவில்லை. சீக்கிரம் முடி என்று வேண்டினான்.

தார்ப்பாய் கிழிகிறாற்போல விலகியது. சின்னசாமி தலையை நீட்டினான். முழுசாக. சிரித்துக்கொண்டு.

"யோவ் மாமே! கைய ஐஸ்லியா வெச்சிகினு இருந்த? கல்லு மாதிரி கீது!"

வேம்புலி பீரோவைப் பிடித்துக்கொண்டான். "நான்... கைய வுடலடா."

"சர்தான், நடிக்காத. அந்தப் பக்கத்துலேந்து வுட்டியே. ஒரு வெரல புடிச்ச. ஒரு குவாட்டருன்னு நெனச்சி, சர்தான் போன்னு இருந்தேன். அப்பால உள்ளங்கை குழில கட்டவெரல வெச்சி அமுக்கின பாரு." சின்னசாமிக்குச் சிரிப்பில் புரையேறியது. "சந்தைல கேப்பாங்களே. சினையான்னு! குவாட்டருக்கு இன்னாயா சினை? எனுக்குத் தாங்கல. ஆமா நைனா, சினைதான், வவுத்துக் கன்னோட ஓட்டிகினு போன்னு சொல்லி, கைய மூடிட்டேன்."

வேம்புலிக்கு இப்போதுதான் விளங்கியது.

எந்தச் சந்தையிலும் அதுதான் வழக்கம். சினைப் பசு ஒரு உருப்படி. கயிறு ஒன்று, தலை ஒன்று, கணக்கில் ஒன்று. வயிற்றிலிருப்பதற்குத் தனிப் பேரம் கிடையாது. அது கூடவே போகும். அதனால்தான் அந்தக் கை அத்தனை சீக்கிரம் மூடிக்கொண்டது. இரண்டு கேட்டது. ஒன்று என்றான். ஒன்றிலேயே இரண்டு இருப்பதை அது பார்த்துவிட்டது.

சரக்கு என்று உள்ளே அனுப்பிய சின்னசாமி, தரகனாகி மதியின் வயிற்றுக்குச் சாட்சியும் சொல்லிவிட்டான்.

ஓடினான்.

தகரத்தில் முழங்கால் இடித்தது. ரத்தம். ஓடினான். அடுப்படியில் அஞ்சலை மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"மதி எங்க? மதி எங்கடி?"

"ரூம்ல கீறா. எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குது உனுக்கு? கதவ சாத்திகினு, ஃபேன போட்டுகினு குந்திகினு கீறா."

"கரண்ட் இல்லடி."

அஞ்சலையின் கத்தி நின்றது. இரண்டு பேரும் கேட்டார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. விசிறியில்லை. அதைவிடக் கனமானது. விட்டுவிட்டு இருமி, மறுபடி பிடித்துக்கொண்டு, தரை வழியாகப் பாதத்தில் ஏறி, பல்லை அதிரவைத்த ஒரு உறுமல்.

கதவைத் தள்ளினான்.

ஜன்னல் சாத்தியிருந்தது. சுவரில் காலண்டர் அசையவில்லை. கொடியில் துணி அசையவில்லை. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மதிவதனி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் கூந்தல் மட்டும் பின்னால் பறந்தது. நேராக. விறைப்பாக. புயலுக்கு முகம் கொடுத்தவள்போல. கன்னச் சதை காதை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. உதடு பல்லைவிட்டு விலகியிருந்தது. தொடைகளுக்கு நடுவில், இல்லாத ஒரு விமான விசைக்கோலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். முட்டி வெளுத்திருந்தது.

"மதி," என்றான். "அம்மாடி."

அவள் கால்கள் தரையில் இல்லை. ஒரு சாண் மேலே, வெறுங்காற்றை மிதித்தன. இடது. வலது. இடது.

இடது கால் மிதித்தபோது நைட்டிக்கடியில் வயிற்றின் இடப்பக்கம் புடைத்தது, சின்னஞ்சிறு குதிகால் அளவுக்கு. வலது கால் மிதித்தபோது வலப்பக்கம். தாய்க்காலும் உள்ளேயிருந்த காலும் ஒன்றாக. பிசகாமல். ஒன்று கற்றுக்கொடுக்க, ஒன்று கற்றுக்கொள்ள.

உறுமல் இருமியது. நின்றது.

நாற்காலியின் பின்கால்கள் மெல்ல மேலே எழும்பின. அவள் முன்பக்கமாகச் சாய்ந்தாள். இன்னும் சாய்ந்தாள். விழவில்லை. அந்தரத்தில், முகம் கீழாக, கூந்தல் கூரையை நோக்கிப் பறக்க, வயிறு கனத்துத் தொங்க, அவள் குனிந்து அப்பனைப் பார்த்தாள். ஒரு முழத் தூரத்திலிருந்து அல்ல. வெகு உயரத்திலிருந்து. புள்ளியாகத் தெரிகிற எதையோ பார்க்கிற கண்ணோடு.

அந்தப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வருவது அவள் விழிகளில் தெரிந்தது.